காணாமல் போன ஒரு மில்லிகிராம்

பெயர் மக்பால் துர்சுனோவ்னா எர்த்தாயேவா. வயது ஐம்பத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அல்மாத்தி நகரம், தாஸ்தாக் பகுதி, பழைய நெசவாலைக் குடியிருப்பில் வசிக்கிறேன். தொழில் வேதியியல் ஆராய்ச்சி. அக்மரால் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்துபோனது சம்பந்தமாக, புலனாய்வாளர் கேப்டன் சாபிட்டோவ் முன்பாக, யாரும் வற்புறுத்தாமல் நானே வந்து சொல்கிறேன். பொய் சொன்னால் என்ன தண்டனை என்பதைப் படித்துக் காட்டினார்கள், புரிந்தது. இங்கே கொடுத்த தேநீரில் பால் இல்லை. அதை எழுத வேண்டாம் என்றேன், கேப்டன் எழுதிவிட்டார்.

காவலில் இருக்கும் கைரொல்லா சான்பிர்பாயுலி இறந்த பெண்ணின் தகப்பனார். அவரும் நானும் ஒரே ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு கழுவு தொட்டிதான். வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் எங்கள் வழக்கப்படி பெயரை மரியாதையாகச் சுருக்கி கைரெகே என்று கூப்பிடுவேன். அவரோடு எனக்குப் பகை இல்லை. வேறு மாதிரியான உறவு உண்டா என்று கேட்டதற்கு, இந்த வயதில் அப்படி ஒரு கேள்வி கேட்டதற்கு நன்றி என்றும், இல்லை என்றும் சொல்கிறேன். அக்மராலுக்குக் கொடுத்த அந்தத் தூளுக்காக யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. இதை இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டார்கள். நான்காவது முறை கேட்டாலும் இதேதான்.

எங்கள் வேலை என்னவென்று எளிமையாகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். எச்.ஐ.வி. வைரஸ் தன் மரபுச் சரக்கை ஒரு கூம்பு வடிவ உள்கூட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் மனிதனின் செல்லுக்குள் நுழைகிறது. அந்தக் கூட்டுக்கு கேப்சிட் என்று பெயர். ஒரே புரதம் ஆயிரத்துச் சொச்சம் பிரதிகளாக நின்று, பெரும்பாலும் ஆறு ஆறாகக் கைகோத்து அந்தக் கூட்டைக் கட்டுகிறது. நம் கம்பளிக் கூடாரத்தின் மரத்தட்டி போல, அது வேண்டிய இடத்தில் விரியவும் வேண்டிய நேரத்தில் மடியவும் வேண்டும். சீக்கிரம் பிரிந்தாலும் வைரஸுக்குக் கேடு, பிரியாமல் விறைத்து நின்றாலும் கேடு. இரண்டு புரதங்கள் கைகோக்கும் இடுக்கில் பொருந்துகிற மாதிரி ஒரு சிறு பொருளை வடிவமைத்துச் செருகிவிட்டால் தட்டி விரியவும் முடியாது, மடியவும் முடியாது. அந்த இடுக்கின் வடிவத்தைக் கணினியில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற பொருளைக் கையால் சமைப்பது எங்கள் வேலை.

இதைக் கேட்டதும் கேப்டன், "அப்போ கூடார மூட்டுல ஆப்பு அடிக்கிறீங்க, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்றேன். அவருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது, எங்களுக்குப் பல வருடம் ஆனது. எங்கள் அர்க்காதியும் அதற்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தான். அர்க்காதி ஹெகாய் என்பவன் எங்கள் நிறுவனத்தின் வைரஸ் அறையில் செல் சோதனை செய்பவன், கொரியக் குடும்பத்துப் பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் சமைத்த பொருளுக்குப் பதிவில் ஒரு எண் உண்டு, ஆனால் எல்லோரும் ஆப்பு என்றே சொன்னதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

அக்மராலுக்கு இரண்டு வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றியபோது இந்த நோய் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்றார்கள். கைரெகே அதுவரை ரப்பரில் கலக்கும் சாயங்களைச் செய்துகொண்டிருந்தவர். மகளுக்கு நோய் என்று தெரிந்த பிறகு சாயத்தை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தார். அதன் பிறகு அந்தப் பெண் வளர்ந்தாள், மாத்திரைகளும் அவளோடு வளர்ந்தன. நடுவில் பல முறை மாத்திரை வராமல் நின்றது, வந்தபோது வேறு மாத்திரை வந்தது, இவளும் பள்ளி இறுதி வருடத்தில் மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று சில மாதம் மாத்திரையைச் சாக்கடையில் போட்டாள். வைரஸ் ஒவ்வொரு மருந்தாகப் பழகிக்கொண்டது. கடைசியில் டாக்டர்கள் பாதிப் பலன் தருகிற சில மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்து அவளை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். அவற்றைச் சாப்பிட்டால் அவளுக்குத் தினமும் வாந்தி வரும்.

வெளிநாட்டில் இந்த உள்கூட்டைக் குறிவைக்கிற ஒரு மருந்து வந்துவிட்டது. ஊசியாகப் போட்டால் ஆறு மாதம் தாங்கும், மற்ற மருந்துகளுக்குப் பழகிய வைரஸும் அதற்கு அடங்கும். அது எங்கள் கைக்கு எட்டவில்லை. கைரெகே அதை மகளுக்குக் கேட்டு எழுதாத ஆள் இல்லை. எல்லா இடத்திலிருந்தும் மிகவும் பண்பான பதில்கள் வந்தன. அவர் அவற்றைப் படித்துவிட்டு, "எவ்வளவு அழகா இல்லைங்கிறாங்க பாரு மக்பால், நமக்கு இப்படி எழுத வருமா?" என்பார்.

அதன் பிறகு, இரண்டு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி என்ற பெயரில் அந்த வெளிநாட்டு மருந்தில் இருபது மில்லிகிராம் எங்கள் நிறுவனத்துக்கு வாங்கப்பட்டது. நகக்கண்ணில் அடங்குகிற அளவு. ஒரு ஆளுக்கு ஒரு தடவை போடுகிற மருந்து அதைப்போல எத்தனையோ மடங்கு. அதை மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்தாரா என்று கேட்டதற்கு, வேதியியல் தெரிந்த தகப்பன் அப்படி நினைக்க மாட்டான், ஆனால் அந்தப் புட்டியை அவர் தோள்பையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

கைரெகே அதைக் கரைத்து, சுத்தம் செய்து, கரைப்பானை இழுத்து உலர்த்தினார். அதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய சுழல் கருவி. குடுவையை வெந்நீரில் சுழலவிட்டு, காற்றை உறிஞ்சி, கரைப்பானை ஆவியாக்கும். சில நேரம் உள்ளே இருப்பது சட்டெனப் பொங்கி மேலே தெறிக்கும். தெறித்தது இயந்திரத்துக்குள் போகாமல் தடுக்க நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழ் மாட்டியிருக்கும். அன்றைக்கும் பொங்கியது. அவர் குமிழைக் கொஞ்சம் கரைப்பான் விட்டு அலசித் திரும்ப எடுத்துக்கொண்டார், பிறகு எடை போட்டுவிட்டு, "ஒரு மில்லிகிராம் குறையுது" என்றார்.

"தராசு பொய் சொல்லும் கைரெகே, அதுக்கும் வயசாச்சு" என்றேன்.

"தராசு பொய் சொல்லல. எங்கயோ போயிருக்கு."

தேடினார், கிடைக்கவில்லை. ஒரு மில்லிகிராம் என்பது கண்ணாடியில் ஒட்டினால் கண்ணுக்கே தெரியாது. அதன் பிறகு குமிழை வெந்நீரில் அலசி மாட்டிவிட்டார். முறைப்படி அசிட்டோன் விட்டுக் கழுவ வேண்டும். ஆனால் போதைப்பொருள் செய்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் அசிட்டோனைப் பூட்டி வைத்து, ஒவ்வொரு குவளைக்கும் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். ஆகவே குமிழுக்கு வெந்நீர் என்பது எங்கள் அறையின் பழக்கம். நானும் அப்படித்தான் செய்வேன். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. வெந்நீரில் கரையாத பொருளுக்கு வெந்நீர் விட்டால் அது அங்கேயேதான் இருக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று பிற்பகல் அதே கருவியில் என் குடுவையை மாட்டினேன். அதில் இருந்தது ஆப்பின் முதல் தொகுப்பு, ஒரு கிராம் அளவு. நானே வடிவமைப்பைத் திருத்தி நானே சமைத்தது. கரைப்பானை இழுத்தேன், வெள்ளைத் தூளாக வந்தது, புட்டியில் அடைத்து அர்க்காதியிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அர்க்காதி படியேறி ஓடி வந்தான். அவன் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அக்கா, என்ன போட்டுக் குடுத்தீங்க? ஒரு வைரஸ் கூட எந்திரிக்கல! நாலு வருஷமா குப்பையா குடுத்துட்டு இப்போ திடீர்னு இது!" என்றான். நான் நம்பவில்லை. திரும்பச் செய்யச் சொன்னேன். அதே புட்டியிலிருந்து எடுத்துத் திரும்பச் செய்தான், திரும்பவும் வைரஸ் அடங்கியது. அதே புட்டியிலிருந்து என்பதை கேப்டன் அடிக்கோடு இட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாகச் சமைத்துச் சோதித்திருந்தால் அந்த வாரமே தெரிந்திருக்கும். எங்களுக்கு அந்தப் புட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு இன்னொரு சோதனை. அந்த உள்கூட்டுப் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறிய வைரஸ் உண்டு. வெளிநாட்டு மருந்து அந்த வைரஸிடம் தோற்றுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஆப்பை அதன் மேல் போட்டுப் பார்த்தோம், ஆப்பும் அங்கே தோற்றது. எந்த அளவில் ஜெயித்து எந்த அளவில் தோற்க வேண்டுமோ அதே அளவில். நாங்கள் மூவரும் அர்க்காதியின் கணினி முன்னால் நின்று அந்தத் தோல்வியைப் பார்த்துக் கைதட்டினோம். ஏனென்றால் அது சரியான இடுக்கில்தான் போய் உட்கார்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. "மச்சம்கூட அதே இடத்துல இருக்கு, பங்காளியேதான்!" என்று அர்க்காதி சொன்னான். கைரெகே அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். இரண்டும் ஏன் இவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேண்டும் என்று ஏங்கியிருந்தவர்களுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

அதன் பிறகு எங்களுக்குப் பெயர் வந்தது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். மேலிடத்தில் மகிழ்ந்துபோய் எங்கள் அறைக்குப் புதிய சுழல் கருவி, புதிய கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய கருவியைத் துணி போர்த்தி நடைவழியில் வைத்தோம். போன குளிர்காலத்தில் கைரெகே என்னிடம், விலங்குச் சோதனைக்காக என்று சொல்லி, ஆப்பைப் பெரிய அளவில் செய்து தரக் கேட்டார். ஐம்பது கிராம். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் சமைத்ததில்லை. எல்லாம் புதுக் கண்ணாடி. நான்கு முறை படிகமாக்கினேன். அசிட்டோனுக்காக அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினேன்.

முதல் தொகுப்பின் நிறமாலைத் தாளையும் புதுத் தொகுப்பின் தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது எங்கள் வழக்கம். இரண்டு பொருளும் ஒன்றுதானா என்று அதில் தெரியும். வெளியே பனி மூடிய மலை, அதன் மேல் இரண்டு தாள். ஒரு கோடு கூட விலகவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறு ஏதாவது கலந்திருந்தால் அந்தத் தாளில் தெரியாது, அதை அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

எந்தப் புதுத் தொகுப்பையும் செல் சோதனை செய்யாமல் வெளியே விடக் கூடாது என்பது எங்கள் விதி. அப்போது வைரஸ் அறையின் காற்று வடிகட்டி கெட்டுப்போய், புதிது வரும்வரை அறையை மூடியிருந்தார்கள். சோதனை முடியட்டும் என்று நான் கைரெகேயிடம் சொன்னேன்.

"ஒரே பொருள்தானே மக்பால். ஜன்னல்ல வெச்சு நீயேதானே பாத்தே?"

"எலிக்கு என்ன அவசரம்? அது எங்க ஓடப்போகுது?"

அவர் புட்டியைத் திறந்தார். தூளைக் கண்ணாடித் தட்டில் கொட்டி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே, "கரைப்பான் மிச்சம் ஏதாவது இருக்குமா? நாக்குல வெக்கிற அளவுக்குச் சுத்தமா?" என்று கேட்டார்.

எலிக்கு யாரும் நாக்கைப் பற்றி யோசிப்பதில்லை. அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "சுத்தம்" என்றேன். அவர் தூளைத் திரும்பப் புட்டியில் அடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, சட்டப்படி ஆம். அந்த வாரம்தான் அக்மராலின் ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார், இனிமேல் மாற்ற மாத்திரை இல்லை என்றும் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து கைரெகே கழுவு தொட்டியில் சுத்தமான குடுவைகளைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அது என் கண் முன்னால் நடந்தது.

அதன் பிறகு வசந்தப் புத்தாண்டான நௌரிஸ் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி பிரிந்து போன பிறகு தகப்பனும் மகளும் மட்டும்தான் அங்கே. அக்மரால் பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள், முக்கால்வாசி கருகியிருந்தது.

"அத்தை, கருகினத மேல வெச்சிருக்கேன், நல்லது அடியில இருக்கு. விருந்தாளி எவ்வளவு தைரியசாலின்னு பாக்கத்தான்" என்றாள்.

"உங்கப்பன் சோதனைக்கூடத்துல சமைக்கிறதே இதவிடப் பரவால்லடி."

"அதையும்தான் தின்னுட்டிருக்கேனே!" என்று சிரித்தாள். கைரெகே தலையைக் குனிந்து தேநீர் ஊற்றினார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பழைய மாத்திரை எல்லாம் நிறுத்திட்டேன் அத்தை, அப்பாவுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன், ஒரே சண்டை. ஆனா பாருங்க, இத்தன வருஷத்துல முதல் தடவையா வாந்தி இல்ல. தலைசுத்தல் இல்ல. சாப்பாடு ருசிக்குது. உடம்புக்கு ஒண்ணுமே தெரியல. அதுலயே தெரியுதே, இது நல்ல மருந்துன்னு" என்றாள். தட்டில் இருந்த குதிரை மாமிசத் துண்டுகளில் பெரிதாகப் பார்த்து எடுத்துத் தின்றாள். அவள் ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கைரெகேயும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவள் சொன்னது சரிதான். அதில் தெரிவதற்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு கோடை தொடங்கியபோது வடிகட்டி வந்து வைரஸ் அறையைத் திறந்தார்கள். அர்க்காதி பெரிய தொகுப்பைச் சோதித்தான். மறுநாள் அவன் ஓடி வரவில்லை, மெதுவாக வந்து கதவருகே நின்றான். "அக்கா, நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன் போல. மறுபடி செய்யறேன்" என்றான். மறுபடி செய்தான். முதல் புட்டி வைரஸை அடக்கியது, ஐம்பது கிராம் தூள் ஒன்றுமே செய்யவில்லை. அவனுடைய தட்டில், குளத்து மீன்கள் நீந்துவதுபோல வைரஸ்கள் நீந்துகின்றன என்றான். நான் மறுபடி ஜன்னலில் தாள்களை வைத்தேன், ஒன்றுதான். புதுக் கருவியில் மூன்றாவது முறை சமைத்தேன், அதுவும் செத்த பொருள். சுத்தமாகச் செய்யச் செய்ய வேலை செய்யவில்லை. அப்போதுதான் முதல் புட்டியில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

முதல் புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து நீண்ட குழாயில் ஓடவிட்டுப் பிரித்தேன். ஆப்பு முழுவதும் வெளியேறிய பிறகு கடைசியில் தூசி அளவுக்கு ஏதோ வந்தது. அதன் மூலக்கூறு எடையைப் பார்த்தோம். வெளிநாட்டு மருந்து. அர்க்காதியும் நானும் எழுந்தோம். நடைவழிக்குப் போய்த் துணியை விலக்கிப் பழைய கருவியின் குமிழைக் கழற்றி, அதன் கழுத்தை அசிட்டோனில் அலசி, அலசியதை உலர்த்திச் செல்களின் மேல் போட்டோம். வைரஸ் அடங்கியது.

"கழுவுன தண்ணி வேல செய்யுது அக்கா, நம்ம சரக்கு வேல செய்யல" என்று அர்க்காதி சொன்னான். பிறகு அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் குமிழை உடைக்க வேண்டும்போல இருந்தது, அத்தாட்சி என்பதால் உடைக்கவில்லை.

இது எப்படி நடக்கும் என்று கேப்டன் கேட்டதால் சொல்கிறேன். குமிழின் கழுத்தில் ஒட்டியிருந்த அந்த ஒரு மில்லிகிராமை என் கரைப்பானின் ஆவி கரைத்து என் குடுவைக்குள் சொட்டவிட்டிருக்கிறது. அந்த வெளிநாட்டு மருந்து அவ்வளவு வீரியம் உள்ளது. ஆயிரம் பங்கு வெறும் தூளில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் கண்ணாடித் தட்டில் இருக்கும் வைரஸை அடக்கிவிடும். ஒரு மனிதரின் உடம்பை அடக்க அது போதாது. ஆகவே முதல் புட்டியையே அவளுக்குக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள். அப்படியாவது பிழைக்க வழி இருந்ததா என்று கைரெகே கேட்பார், அதனால் இதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இது தெரிந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்மராலை மூச்சுத் திணறலோடு அங்கே சேர்த்திருந்தார்கள். முதலில் டாக்டரைப் பார்த்து, தகப்பன் தூளை அடைத்துக் கொடுத்து இந்தப் பெண் சாப்பிட்ட கேப்சூல்களில் மருந்து இல்லை, பழைய மாத்திரைகளைத் தொடங்குங்கள் என்று சொன்னேன். என்ன கேப்சூல் என்று டாக்டர் கேட்டார். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. அவர் அவளுடைய பையைத் திறந்து பார்த்தார். காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை என்றார், செய்யுங்கள் என்றேன். மாத்திரைகளைத் தொடங்கினார்கள். நுரையீரல் அதற்கெல்லாம் காத்திருக்கிற நிலையில் இல்லை. ஆகவே கைரெகே காவலில் இருப்பது நான் சொன்னதால்தான், இதுவும் அவருக்குத் தெரியாது.

பிறகு வராந்தாவில் அவரைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிளைத் துருவிக்கொண்டிருந்தார். சொல்லிவிடத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "அளவு பத்தல மக்பால், அதுதான் விஷயம். பயந்து பயந்து கொஞ்சமா குடுத்துட்டேன். ஆப்பு உள்ள போயிருக்கு, கூட்டைப் பிடிச்சிடும். உனக்குத் தெரியும்ல, நீதானே செஞ்சே" என்றார். நான் தலையாட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என் கையைப் பிடித்திருந்த கை முழுவதும் ஆப்பிள் சாறு ஒட்டியிருந்தது, அதைத் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது என்று சொல்கிறேன்.

அக்மரால் அந்த வாரத்திலேயே இறந்தாள். கடைசியாக நான் பார்த்தபோது பிராணவாயு முகமூடி மாட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து அதைக் கொஞ்சம் தூக்கி, "அத்தை, அப்பாகிட்ட மருந்து நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்க. திட்டிக்கிட்டேயிருக்கார், தன்னையே" என்றாள். அடக்கத்துக்குப் பின் முதல் வெள்ளிக்கிழமை கைரெகே எங்கள் வழக்கப்படி ஏழு ஷெல்பெக் ரொட்டியைத் தானே பொரித்து வீடு வீடாகக் கொடுத்தார். எல்லாம் கருகியிருந்தன. நான் அதைத் தின்றேன். மறுநாள் அவரைக் கைது செய்தார்கள்.

இத்தனை நாள் முழுவதையும் சொல்லாமல் இன்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த அலுவலகத்தின் வாசலில் ஒரு வாரமாகப் பெற்றோர்கள் நிற்கிறார்கள். அக்மராலைப்போலவே சின்ன வயதில் நோய் வாங்கிய பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்கள். கைரெகேயை விடுதலை செய்யுங்கள், மருந்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று அட்டையில் எழுதிப் பிடித்திருக்கிறார்கள். அவர் வக்கீல் மூலமாக அவர்களுக்கு, மகளுக்கு அளவு குறைவாகப் போய்விட்டது, மற்றப்படி மருந்து வேலை செய்யும், பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நம்புகிறார். எனக்கும் ஒரு செய்தி வந்தது: "முதல் புட்டியப் பத்திரமா வெச்சுக்கோ." வைத்திருக்கிறேன். அத்தாட்சியாக இன்று ஒப்படைக்கிறேன். இன்று காலை நான் உள்ளே வரும்போது ஒரு பெண் என் சட்டைக் கையைப் பிடித்து, "நீங்கதானே அதச் செய்யற அம்மா? என் பையன் பழைய மாத்திரைய நிறுத்தலாமான்னு கேக்கறான்" என்றாள். நிறுத்தாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

இந்த வாக்குமூலம் கைரெகேக்குப் படித்துக் காட்டப்படும் என்று கேப்டன் சொன்னார். அதற்கு முன் நானே அவரைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்டேன், சாட்சி குற்றம் சாட்டப்பட்டவரைச் சந்திக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். அப்படியானால் படிக்கும்போது யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய மகளுக்கு வேண்டியிருந்த மருந்து உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. வருடக்கணக்காகக் கெஞ்சியும் அதில் அவர் கைக்கு வந்தது இருபது மில்லிகிராம், அதில் ஒன்று தவறி என் குடுவையில் விழுந்தது. ஒன்றரை வருடம் நாங்கள் எங்கள் மருந்து என்று கொண்டாடியது அந்த ஒன்றைத்தான். அன்றைக்கு அவர் தேடியபோது நானும் கொஞ்சம் சேர்ந்து தேடியிருக்கலாம்.

கையெழுத்துப் போட்ட பிறகு வேறு வழியாக வெளியே போக முடியுமா என்று கேட்டேன். இந்தக் கட்டடத்துக்கு ஒரே வாசல்தான் என்றார்கள்.

நான் சொன்னதையெல்லாம் எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் அக்மராலுக்குக் கொடுத்ததை நான் தூள் என்று சொல்லியிருக்க, கேப்டன் சுருக்கக் குறிப்பில் ‘மருந்து’ என்று எழுதியிருந்தார், பல இடத்தில். திருத்தச் சொன்னேன். அத்தனையையும் அடித்தால் தாள் செல்லாது, கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஆகவே சேர்க்கிறேன்: அது மருந்து அல்ல.

(ஒப்பம்) ம. து. எர்த்தாயேவா

என் முன்பாக: கேப்டன் சாபிட்டோவ்